மரை பொருந்தாத படகு: கழிவுத் தொட்டி பம்ப் அவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் கட்டிய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வட அமெரிக்கப் பேரேரிகளில் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. படகு நன்றாக இருக்கும், பாய் நன்றாக இருக்கும். முதல் கோடையில் கழிவுத் தொட்டி நிறைந்து, பம்ப் அவுட் துறையில் படகைக் கட்டி, மேல்தளத்து மூடியைத் திறந்த பிறகுதான் கரையில் இருக்கும் குழாய் முனை படகில் சேரவில்லை, இரண்டின் மரையும் (திருகி மாட்டுவதற்கு வெட்டிய சுருள் வரி) பொருந்தவில்லை என்பது தெரியவரும். பின்னால் இன்னொரு படகு காத்திருக்கும். கேள்விகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் பிறப்பவை.

பம்ப் அவுட்டில் என்னதான் நடக்கிறது?

படகின் கழிப்பறையிலிருந்து வரும் கழிவு உள்ளே ஒரு தொட்டியில் சேர்கிறது. தொட்டியின் அடிவரை இறங்கும் ஒரு குழாய் மேல்தளத்தில் 'வேஸ்ட்' என்று பொறித்த மூடிக்குக் கீழே வந்து முடிகிறது. தளத்தில் பதித்த அந்த வாய்தான் பிட்டிங். கரையில் உள்ள பம்ப்பின் ஹோஸை அங்கே பொருத்தினால் கழிவு உறிஞ்சப்பட்டு ஊரின் சாக்கடை அமைப்புக்கோ கரைத் தொட்டிக்கோ போகிறது. தொட்டியிலிருந்து வெளியே போகும் இன்னொரு மெல்லிய குழாய்தான் வென்ட். கழிவு வெளியேறும் அளவுக்கு அதன் வழியே காற்று உள்ளே வரவேண்டும்.

மேலே பொருத்தும் இடத்தில் காற்று புகக் கூடாது, வென்டில் காற்று புகுந்தே ஆகவேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்று தலைகீழாக நடப்பதால் வருபவை.

பிட்டிங் பொருந்தவில்லை. நடு ஏரிக்குப் போய்த் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

குடிதண்ணீர் எடுக்கும் ஏரி அது. டொரொண்டோவின் குழாய்களில் வருவது ஒண்டாரியோ ஏரியின் நீர்தான். சட்டமும் இடம் தராது. ஒண்டாரியோ மாகாணத்தில் உல்லாசப் படகின் தொட்டியிலிருந்து ஏரிக்குள் போகும் வழி இணைக்கப்பட்டிருப்பதே தவறு. அமெரிக்கக் கரையில், நியூயார்க் மாநிலத்துக்கு உட்பட்ட ஒண்டாரியோ ஏரிப் பகுதி கழிவு வெளியேற்றத் தடைப் பகுதி. அத்தகைய பகுதிகளில் கழிவைத் திருப்பிவிடும் ஒய் வால்வை மூடி வைத்தால் மட்டும் போதாது. கைப்பிடியைக் கழற்றிவைப்பது, பூட்டுப் போடுவது, வெட்டினால் மட்டுமே கழலும் பட்டையால் கட்டிவைப்பது என ஏதாவது ஒரு வகையில் திறக்க முடியாதபடி செய்திருக்கவேண்டும். ஐரோப்பியப் படகுகளில் கடலுக்குத் திறக்கும் வழி பெரும்பாலும் இருக்கும். வாங்கியவுடன் பார்க்கவேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

எல்லாரும் "ஒன்றரை அங்குலம்" என்கிறார்கள். நான் அளந்தால் ஒன்றரை அங்குலமாக எதுவுமே இல்லையே?

இருக்காது. ஒன்றரை அங்குலம் என்பது குழாயின் பெயரளவு, உள்துளையை ஒட்டி வைத்த பெயர். ஒன்றரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 48 மி.மீ. வரும். மேல்தளப் பிட்டிங்கின் உள்மரையில், மரையின் முகடுகளுக்கு இடையே வெர்னியர் காலிபரை வைத்தால் 45 மி.மீ. அளவில் காட்டும். 48 என்பது இரண்டு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அளந்து பார்த்தவர்கள் கடைக்குப் போய், பிட்டிங்கையும் ஹோஸையும் சேர்க்கும் இணைப்பான அடாப்டரை இரண்டு அங்குலத்தில் கேட்டு வாங்கிவருகிறார்கள். அது உள்ளே நுழையவே நுழையாது. இரண்டு அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 60 மி.மீ.

படகுகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 4567. கழிவுப் பிட்டிங்குக்கு அது வைத்த அளவு இந்த ஒன்றரை அங்குலம்தான். அந்த அளவில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒத்துப்போகின்றன. மரையில்தான் பிரிகின்றன.

அப்படியானால் பி.எஸ்.பி., என்.பி.டி. என்பவை என்ன? என் படகில் இருப்பது எது?

பி.எஸ்.பி. பிரிட்டிஷ் வழிவந்த குழாய் மரை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்குவது அதுதான். என்.பி.டி. அமெரிக்க மரை. கனடாவிலும் குழாய் வேலை முழுக்க அதில்தான் நடக்கிறது. ஒன்றரை அங்குல அளவில் பி.எஸ்.பி.க்கு அங்குலத்துக்கு 11 மரை, என்.பி.டி.க்கு 11.5 மரை. மரையின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. வெளிவிட்டம் 47.8 மி.மீ., 48.3 மி.மீ. அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை அளவுகோல் காட்டாது.

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு வந்த தூய கலச் சட்டத்தின் (கிளீன் வெஸல் ஆக்ட்) பணத்தில்தான் நாடெங்கும் பம்ப் அவுட் நிலையங்கள் பெருகின. 1994இல் வெளியான அதன் தொழில்நுட்ப வழிகாட்டி ஐ.எஸ்.ஓ. 4567ஐ முன்மாதிரியாகச் சொல்லிவிட்டு, மரையை மட்டும் அங்குலத்துக்கு 11.5 என்று வைத்துக்கொண்டது. உங்கள் தலைவலியின் பிறந்த தேதி வேண்டுமென்றால் அதுதான்.

அரை அங்குலம், முக்கால் அங்குலம் அளவுகளில் இரு மரைகளுக்குமே அங்குலத்துக்கு 14தான். அதனால் வீட்டுக் குழாய் வேலை செய்து பழகியவர்கள், எதையும் எதோடும் டெப்லான் டேப் சுற்றி முறுக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். ஒன்றரை அங்குலத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி பி.எஸ்.பி.யில் 2.31 மி.மீ., என்.பி.டி.யில் 2.21 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. பிசகினால் ஐந்தாவது சுற்றில் அரை மி.மீ. பிசகிவிடும். அங்கே உலோகம் உலோகத்தின் மேல் ஏறுகிறது.

கண்டுபிடிக்க வழிகள்: மரை அளக்கும் சீப்புத் தகடு சில டாலருக்குக் கிடைக்கும். 11 எண் பல்லும் 11.5 எண் பல்லும் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும், மலிவான சிலவற்றில் 11.5 இருக்காது. தகட்டை மரையில் வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், வெளிச்சம் கசியாத பல்தான் உங்களுடையது. மேல்தளப் பிட்டிங்குக்குள் தகட்டை வைக்கக் கை போகாது என்றால், அதன் மூடியைக் கழற்றி அதன் மரையில் வைத்துப் பாருங்கள். ஆனால் மூடி ஏறும் மரையும் குழாய் ஏறும் மரையும் ஒன்றுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளவேண்டும். சில பிட்டிங்குகளில் இரண்டும் வேறு.

தகடு இல்லாவிட்டால் கடைக்குப் போய் என்.பி.டி. அடாப்டர் ஒன்றைக் கையால் திருகிப் பாருங்கள். என்.பி.டி. மரை முனையில் குறுகி வரும் கூம்பு மரை. ஆகவே ஐரோப்பியப் பிட்டிங்குக்குள் முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போய், பிறகு சட்டென்று பிடித்துக்கொள்ளும். பி.எஸ்.பி. அடாப்டரை அமெரிக்கப் பிட்டிங்குக்குள் வைத்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

இரண்டு மூன்று சுற்றுப் போகிறதே, கொஞ்சம் பலம் கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். கெடுவது அடாப்டர் என்றால் பத்து இருபது டாலரோடு போகும். கெடுவது பெரும்பாலும் மேல்தளப் பிட்டிங். மரை நைந்த பிட்டிங்கில் அதன் சொந்த மூடியும் சரியாக இறுகாது. மூடி இறுகாவிட்டால் மழைநீரும் அலைநீரும் தொட்டிக்குள் இறங்கும். குறடு போட்டு முறுக்கும்போது பிட்டிங்கே தளத்தில் அசைந்துவிட்டால் அது இன்னும் பெரிய செலவு. பல படகுகளின் மேல்தளம் இரண்டு கண்ணாடியிழைப் பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டியது. பிட்டிங்கைச் சுற்றி நீர் புகாமல் அடைத்திருக்கும் பூச்சு பிரிந்துவிட்டால் தண்ணீர் பால்சாவுக்குள் ஊறி, சில ஆண்டுகளில் தளம் காலடியில் மெத்தென்று அமுங்கும்.

தொட்டி நிறைந்து வேறு வழியே இல்லாத நாளில், கையால் மட்டும் திருகி, டேப்பைத் தாராளமாகச் சுற்றி, ஒரே ஒருமுறை உறிஞ்ச வைத்துக்கொள்ளலாம். இது அழுத்தத்தில் ஓடும் குழாய் இல்லை, உறிஞ்சும் குழாய். சிறிய கசிவைப் பம்ப் பொறுத்துக்கொள்ளும். மறுநாளே சரியான அடாப்டரைத் தேடுங்கள்.

துறையில் ரப்பர் கூம்பு இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் போதாதா?

பல இடங்களில் போதும், அதுவே நல்ல வழியும்கூட. கூம்புக்கு மரை எதுவென்ற கவலை இல்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கூம்பு முனைதான் வழக்கமாகக் கண்ணில் படும். முனையை நேராக இறக்கி, உடல் எடையைக் கொஞ்சம் கொடுத்து, பம்ப் பிடித்துக்கொண்டதும் தளர்த்தலாம். அதன் பிறகு உறிஞ்சலே கூம்பை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் வருவது, பிட்டிங்கின் விளிம்பு உடைந்திருந்தால், அல்லது அது தளத்தின் சரிவான இடத்தில் கம்பிவேலிக் கால் ஒன்றுக்கு அருகே இருந்து கூம்பு நேராக நிற்க இடம் இல்லையென்றால். பழகித் தேய்ந்து வெடிப்பு விட்ட கூம்பும் காற்றை விடும். கூம்பை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நகராதீர்கள். தொட்டி காலியாகி உறிஞ்சல் குறைந்ததும் அது நழுவி விழும், ஹோஸில் மிச்சம் இருப்பது தளத்தில் கொட்டும்.

கேம் லாக் என்கிறார்களே, அது எது? எதை வாங்குவது?

இரண்டு காதுகளை மடக்கினால் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. லாரியில் தண்ணீர் ஏற்றும் இடங்களில் பார்த்திருப்பீர்கள். பேரேரிப் பக்கம் பல நிலையங்களில் ஹோஸின் முனையில் காதுள்ள பெண் பகுதி (மேலே வந்து மூடும் பகுதி) இருக்கும். படகில் பள்ளம் வெட்டிய ஆண் பகுதி (அதற்குள் நுழையும் பகுதி) வேண்டும்.

கடையில் இவை எழுத்துக்களால் அறியப்படுகின்றன. ஏ வகை: ஆண் பகுதி, உள்மரை. பி: பெண் பகுதி, வெளிமரை. சி: பெண் பகுதி, ஹோஸ் வால் (ஹோஸை மேலே மாட்டும் குழாய்முனை). டி: பெண் பகுதி, உள்மரை. ஈ: ஆண் பகுதி, ஹோஸ் வால். எஃப்: ஆண் பகுதி, வெளிமரை. மேல்தளப் பிட்டிங்கில் உள்மரை இருந்தால் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றரை அங்குல எஃப். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்ற எழுத்துக்களைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

இங்கேதான் ஐரோப்பியப் படகுக்கு விடிவு. காதும் பள்ளமும் சேரும் பகுதியின் அளவு மரையைச் சார்ந்ததில்லை. பி.எஸ்.பி. வெளிமரை கொண்ட எஃப் ஒன்றை வாங்கிப் படகில் திருகிவிட்டால், அமெரிக்க நிலையத்தின் ஒன்றரை அங்குலப் பெண் பகுதி அதன் மேல் சிக்கலின்றி உட்காரும். தொல்லை என்னவென்றால், கனடாவிலும் அமெரிக்காவிலும் எஃப் என்று கேட்டால் கடைக்காரர் என்.பி.டி.யையே எடுத்துத் தருவார். பொட்டியின் மேல் வேறெதுவும் எழுதியிருக்காது. பி.எஸ்.பி. என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்கவேண்டும், பெரும்பாலும் இணையத்தில் தருவிக்கவேண்டியிருக்கும். அதனால்தான் இதைக் குளிர்காலத்திலேயே வாங்கிவைக்கச் சொல்கிறேன்.

ஐரோப்பியப் பிட்டிங்கின் மரை பெரும்பாலும் கூம்பில்லாத நேர் மரை. நேர் மரையில் காற்றை அடைப்பது மரை இல்லை, அடியில் வைக்கும் தட்டை வாஷர். அடாப்டரோடு ஒரு ரப்பர் வாஷரும் சேர்த்து வாங்குங்கள்.

பித்தளையா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

பாலிபுரொப்பிலீன். கண்ணாடியிழை சேர்த்த வகை கிடைத்தால் அது. அலுமினியம் விலை குறைவு, ஆனால் எவர்சில்வர் பிட்டிங்கில் திருகி ஈரத்தில் விட்டுவைத்தால் அலுமினியம் அரித்துப் போய் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உப்புக் கடலில் இது விரைவாக நடக்கும், ஏரியில் மெதுவாக நடக்கும். எவர்சில்வரும் வெண்கலமும் நல்லவை, விலையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பிளாஸ்டிக்குக்கு இன்னொரு நன்மை: யாராவது முரட்டுத்தனமாக முறுக்கினால் அடாப்டர்தான் நையும், பிட்டிங் தப்பிக்கும்.

அடாப்டரை நிலையாகவே மேல்தளத்தில் விட்டுவைக்கலாமா?

கூடாது. கால் இடறும், பாய்க்கயிறு மாட்டும்.

பழைய படகு. பிட்டிங்கில் எந்த மரையும் சேரவில்லை, பி.எஸ்.பி.யும் இல்லை, என்.பி.டி.யும் இல்லை. என்ன செய்வது?

அது குழாய் மரையே இல்லாமல் இருக்கலாம். பழைய பிட்டிங்குகள் சிலவற்றில் மூடிக்கு மட்டும் தயாரிப்பாளர் வைத்த ஒரு முரட்டு மரை இருக்கும், அதற்குக் கீழே வழவழப்பான குழாய். ஒன்றேகால் அங்குலப் பிட்டிங்குகளும் உண்டு. இவற்றுக்கு அடாப்டர் தேடி அலைவதைவிட, கூம்பு உள்ள நிலையத்துக்குப் போவது நல்லது. அதைவிட நல்லது பிட்டிங்கையே மாற்றுவது.

மாற்றுவது பெரிய வேலையா?

நினைப்பதைவிடச் சிறியது, ஏனென்றால் கீழே இருக்கும் ஹோஸுக்கு மரை தெரியாது. அதன் உள்விட்டம் 38 மி.மீ., ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதேதான். பழைய பிட்டிங்கின் வாலிலிருந்து ஹோஸைக் கழற்றி, புதிய பிட்டிங்கின் வாலில் மாட்டவேண்டும். கழற்றுவதற்கு முன்பு தொட்டியைக் காலிசெய்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மறுபடி காலிசெய்துவிடுங்கள். ஹோஸ் இறுகிப் போயிருந்தால் வெந்நீர்த் துணி சுற்றினால் இளகும். ஹோஸில் கழிவு நாற்றம் ஊறியிருந்தால் (ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை முகர்ந்தால் தெரிந்துவிடும்) அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

புதிய பிட்டிங்கின் தட்டு பழைய துளையை மூடும் அளவு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். திருகு துளைகள் ஒத்து வராது. பழைய துளைகளை எப்பாக்ஸி இட்டு நிரப்பி, ஆறியபின் புதிதாகத் துளையிடவேண்டும். துளையின் வெட்டுமுகத்தில் பால்சா தெரிந்தால் அதைச் சற்று உட்பக்கமாகக் குடைந்து எப்பாக்ஸியால் அடைத்துவிட்டு மேலே வாருங்கள். தட்டின் அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் மென்மையான ரப்பர்ப் பட்டை) வைத்தால் பிற்காலத்தில் கழற்றவும் முடியும். நிரந்தரமாக ஒட்டும் பசையை இங்கே போட்டுவிட்டு அடுத்த உரிமையாளரின் சாபத்தை வாங்காதீர்கள். ஹோஸ் வாலில் எவர்சில்வர்க் கிளிப் இரண்டு.

பேரேரிகளிலேயே படகை வைத்திருக்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: முதல் ஆண்டு அடாப்டரோடு ஓட்டுங்கள், அடுத்த குளிர்காலத்தில் பிட்டிங்கை என்.பி.டி.க்கு மாற்றிவிடுங்கள். படகோடு திரும்ப ஐரோப்பா போகிற எண்ணம் இருந்தால் தொடவேண்டாம்.

எல்லாம் பொருந்திவிட்டது. பம்ப்பும் ஓடுகிறது. ஆனால் தொட்டி காலியாகவில்லை!

இப்போதுதான் உண்மையான வேலை. முதலில் ஹோஸில் உள்ள கண்ணாடிக் குழாய்த் துண்டைப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்களில் ஒன்று இருக்கும்.

குமிழியும் காற்றும் மட்டும் ஓடி, கழிவு விட்டுவிட்டு வந்தால் எங்கோ காற்று புகுகிறது. பொத்தல் விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்கப் பார்ப்பது போலத்தான். மேலே அடாப்டரின் வாஷர், கேம் லாக்கின் உள்ளே உள்ள ரப்பர் வளையம், கூம்பின் வெடிப்பு என்று வரிசையாகப் பார்க்கலாம். ரப்பர் வளையம் பழைய ஹோஸ்களில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஒன்றைக் கையோடு வைத்திருப்பவர்கள் துறையில் புகழ் பெறுகிறார்கள். மேலே எல்லாம் சரியென்றால் தொட்டிக்குள் இறங்கும் குழாயில் வெடிப்பு இருக்கலாம். அப்போது தொட்டி பாதிவரை நன்றாகக் காலியாகி, மட்டம் வெடிப்புக்குக் கீழே இறங்கியதும் வெறும் காற்று வரும். ஒவ்வொரு முறையும் அதே மட்டத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

எதுவுமே ஓடாமல் ஹோஸ் இறுகித் துடித்தால், அல்லது முதலில் வேகமாக வந்து பிறகு மெல்ல மெல்ல நின்றால், வென்ட் அடைத்திருக்கிறது. உறுதிப்படுத்த, பம்ப்பை நிறுத்திவிட்டு இணைப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். வெளிக்காற்று உள்ளே 'உஸ்' என்று பாய்ந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. அந்த நிலையில் பம்ப்பைத் தொடர்ந்து ஓட்டினால் பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கும், மூலையில் பிளக்கும். துறைப் பணியாளர் "கொஞ்சம் பொறுங்கள், வரும்" என்றாலும் நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டி அவருடையது இல்லை.

வென்ட் முனை படகின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. குளவி மண் வைத்து அடைத்திருக்கும், சிலந்தி கூடு கட்டியிருக்கும், படகு சாய்ந்து ஓடும்போது நிறைந்த தொட்டியிலிருந்து கழிவு ஏறி உள்ளே காய்ந்திருக்கும். மேல்தள மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயால் மென்மையாக அலசுங்கள். மூடியை மூடிவைத்து நீரை அடிக்காதீர்கள். வென்டில் வாசனைக்காகக் கரி வடிகட்டி வைத்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். நனைந்த கரி காற்றை விடாது.

மூடியைத் திறக்கும்போது ஏதாவது பார்க்கவேண்டுமா?

மெதுவாகத் திறக்கவேண்டும், முகத்தை மேலே வைக்காமல். வெயிலில் நின்ற நிறைந்த தொட்டியில் வென்ட் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கும், மூடி கழன்றதும் பீறிடும். கையுறை போடுங்கள். கீழே அறைக்குள் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆட்களை மேலே வரச் சொல்லிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். கழிவுத் தொட்டி அலசும் ஹோஸைக் குடிநீர் நிரப்பப் பயன்படுத்தாதீர்கள். துறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினாலும்.

இன்னொன்று, 'வேஸ்ட்', 'வாட்டர்', 'டீசல்' மூன்று மூடிகளும் ஒரே வரிசையில் ஒரே தோற்றத்தில் இருக்கும் படகுகள் பல. எழுத்து தேய்ந்திருந்தால் இன்றே வண்ணம் தீட்டுங்கள். கழிவுக்குக் கருப்பு, தண்ணீருக்கு நீலம்.

வேறு நாட்டுக் கரைகளுக்குப் போனால்?

ஸ்வீடனில் 2015 ஏப்ரல் 1 முதல் உல்லாசப் படகுகள் தங்கள் கழிவை அந்நாட்டு ஏரிகளிலோ கடல் எல்லைக்குள்ளோ வெளியேற்றக் கூடாது. பின்லாந்தின் தீவுக்கூட்டங்களில் நீரில் மிதக்கும் உறிஞ்சு நிலையங்கள் இருக்கின்றன. படகை அதன் பக்கத்தில் கட்டி நீங்களே செய்துகொள்வதுதான் முறை. துருக்கியின் தென்மேற்குக் கரையில் நீல அட்டை என்ற முறை உண்டு: எப்போது, எங்கே, எவ்வளவு கழிவு கொடுத்தீர்கள் என்பது அட்டையில் பதிவாகும். இந்தக் கரைகளுக்கு ஐரோப்பியப் படகு வந்த கோலத்திலேயே போகலாம், அங்கே தடுமாறுவது அமெரிக்கப் படகுகள்.

குளிர்காலத்துக்கு முன்பு என்ன செய்வது?

படகைக் கரையேற்றும் முன்பு கடைசி பம்ப் அவுட். பிறகு நல்ல தண்ணீர் விட்டு மறுபடி ஒருமுறை உறிஞ்சவைத்து, கழிப்பறை வழியே படகுகளுக்கான புரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பியைத் தொட்டிவரை போகும்படி அடிக்கவேண்டும். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதைத் தொடாதீர்கள். மேல்தளப் பிட்டிங்குக்குக் கீழே ஹோஸ் தொய்ந்திருந்தால் அங்கே தங்கும் நீர் உறைந்து வாலைப் பிளக்கும்; தொய்வை எடுத்துக் கட்டிவையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி, கை பலத்தால் மட்டும் மூடுங்கள். அடாப்டரையும் வாஷரையும் ஒரு பையில் போட்டு, பையின் மேல் 'பி.எஸ்.பி.' என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். படகிலேயே விட்டால் வசந்தத்தில் எவராவது அதை என்.பி.டி. என்று நினைத்துக் குறடோடு வருவார்.